உதவி: கலர்ப் படக் கேசட் கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது

கெடிலக்கரை (சனி, இரவு 10.50)

அவசரமாக ஒரு உதவி வேண்டும். வீட்டில் ஒரு பழைய வீடியோ கேசட் இருக்கிறது, 1964-ல் வந்த கலர்ப் படம். டெக்கில் போட்டால் கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது. படம் ஆடவில்லை, சத்தமும் தெளிவு, நிறம் மட்டும் இல்லை. இதே படத்தின் டிவிடியும் வைத்திருக்கிறேன். டிவிடி 2 மணி 55 நிமிடம், கேசட் 2 மணி 49 நிமிடம். ஆறு நிமிடத்தை யார் வெட்டினார்களோ தெரியவில்லை. டெக் இரவல் வாங்கியது, செவ்வாய்க்கிழமை திருப்பித் தர வேண்டும். அதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

உப்புக்காற்று (சனி, 11.05)

என்ன டெக்? என்ன ஒயர்? டிவியில் பார்த்தீர்களா, கம்ப்யூட்டரிலா? வேறு கேசட் போட்டால் கலர் வருகிறதா? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது?

முதுநகர் (சனி, 11.12)

ஹெட் (டெக்குக்குள் டேப்பைப் படிக்கும் முனை) அழுக்கு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 90-களில் கடலூர் முதுநகரில் எங்கள் அண்ணன் வீடியோ கடை வைத்திருந்தார். கலர் போனது என்று யாராவது டெக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால், ஒரு புது ரூபாய் நோட்டை மடித்து ஹெட்டில் வைத்து ஒரு தேய். அவ்வளவுதான், சரியாகிவிடும். எந்தப் படம் தம்பி?

பழைய டெக் (சனி, 11.40)

நோட்டை வைத்துத் தேய்த்துத்தான் ஊரில் பாதி டெக்குகள் செத்தன. ஹெட் அழுக்கானால் படம் முழுக்கப் புள்ளி கொட்டும், கோடு விழும். படம் தெளிவாக இருந்து நிறம் மட்டும் காணாமல் போகாது. துடைத்தே ஆக வேண்டுமென்றால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாளை, ஹெட் பதித்த டிரம்மின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடைந்துவிடும்.

கேள்வி கேட்டவருக்கு: இது பலமுறை பதில் சொல்லி முடிந்த விஷயம். வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக அனுப்பும் எஸ்-வீடியோவை மஞ்சள் பின்னுக்கு மாற்றும் மலிவு ஒயர் ஒன்று உண்டு, அதில் வெளிச்சம் மட்டும் போகும், நிறம் போகாது. அதைத்தான் போட்டிருப்பீர்கள். முதலில் இந்த மன்றத்தின் பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள். அடிப்படை தெரியாமல் இந்த வேலையில் இறங்கினால் கேசட்டும் போகும், டெக்கும் போகும்.

கெடிலக்கரை (ஞாயிறு, காலை 6.30)

சாதாரண மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்தான். டிவியில் நேராகப் போட்டாலும் கறுப்பு வெள்ளை, கம்ப்யூட்டரில் ஏற்றும் யூஎஸ்பி கேப்சரில் போட்டாலும் கறுப்பு வெள்ளை. அக்கா கல்யாணக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன், அதில் கலர் நன்றாக வருகிறது. படத்தின் பெயரைப் பொதுவில் போடலாமா என்று தெரியவில்லை, பதிப்புரிமைப் பிரச்சினை வருமோ என்று யோசிக்கிறேன்.

உப்புக்காற்று (ஞாயிறு, 6.48)

அப்போது டெக்கும் ஒயரும் சரி, விஷயம் கேசட்டில் இருக்கிறது. இனி ஒரு முறைகூட ஓட்டாதீர்கள். முதலில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். கேசட்டின் பக்கவாட்டில், மூடி ஆரம்பிக்கும் இடத்தில், மிளகளவு ஒரு பொத்தான் இருக்கும். அதை நகத்தால் அழுத்திக்கொண்டு மூடியைத் தூக்குங்கள், டேப் தெரியும். அப்புறம் மேலே உள்ள கண்ணாடி வழியாக டார்ச் அடித்துச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். நல்ல டேப் இசைத்தட்டு மாதிரி ஒரே கறுப்பாகப் பளபளக்கும். பூஞ்சை பிடித்திருந்தால் கோலமாவு சிந்திய மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அதை ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் போகும். உங்கள் அக்கா கல்யாணக் கேசட்டைப் போட்டுவிட்டீர்களே என்றுதான் எனக்குக் கவலை.

நான் தேவனாம்பட்டினத்துக்காரன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயலில் எங்கள் வீட்டு ஓடு பறந்தது. பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கேசட் இருந்தது. கரண்ட் வந்து, வீட்டைச் சீர்செய்து, பெட்டியைத் திறப்பதற்குள் நாள் கடந்துவிட்டது. ஒன்றுகூடத் தேறவில்லை. அதில் என் அப்பாவின் குரல் இருந்தது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கெடிலக்கரை (ஞாயிறு, 7.20)

பார்த்துவிட்டேன். இரண்டு சுருளும் கறுப்பாகப் பளபளவென்றுதான் இருக்கின்றன. வெள்ளை எதுவும் இல்லை.

முதுநகர் (ஞாயிறு, 7.35)

அப்படியானால் கேசட்டில் ஏற்றும்போதே மூல ஃபிலிம் பிரிண்டில் கலர் போயிருக்கும். அந்தக் காலத்துக் கலர்ப் பிரிண்ட் எல்லாம் வெளுத்துவிடும்.

சுருதி (ஞாயிறு, 8.02)

அண்ணா, ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட் வெளுத்தால் கறுப்பு வெள்ளை ஆகாது. நீலமும் பச்சையும் முதலில் போய், எல்லாம் ரோஸ் நிறத்தில் வந்து நிற்கும். பழைய தியேட்டர்களில் செம்பருத்திப் பூ நிறத்தில் படம் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

லாஸ்பேட்டை வாசி (ஞாயிறு, 9.15)

ஒரே ஒரு கேள்வி. இந்தக் கேசட்டை எங்கே வாங்கினீர்கள்?

கெடிலக்கரை (ஞாயிறு, 9.21)

நாங்கள் வாங்கவில்லை. புதுச்சேரியில் இருக்கும் மாமா கொடுத்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பாரிஸில் ஒரு தமிழ்க் கடையில் வாங்கியதாம். அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் செகாம் என்று அச்சடித்திருக்கிறது, கம்பெனி பெயர் என்று நினைத்துக்கொண்டேன். அது முக்கியமா?

லாஸ்பேட்டை வாசி (ஞாயிறு, 9.50)

அதுதான் விடையே! உங்கள் கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. செகாம் என்பது பழைய அனலாக் டிவி காலத்தில் பிரான்ஸில் இருந்த கலர் முறை. அப்போது நம் ஊரில் பால் சிஸ்டம், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி. பாலும் செகாமும் 625 வரி, விநாடிக்கு 25 படம் (ஃப்ரேம்) என்பதில் ஒன்று. அதனால்தான் உங்களுக்குப் படம் ஆடாமல் வருகிறது. நிறத்தை வைக்கும் விதம் மட்டும் வேறு. நம் டெக்குக்கு அந்த நிறம் புரியாது, வெளிச்சத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கும்.

புதுச்சேரியில் பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் வீடுகளில் இப்படிப்பட்ட கேசட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் கலர் போய்விட்டது என்று நினைத்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். தூக்கிப் போட்ட கேசட்டில் கலர் அப்படியே இருந்திருக்கும் என்று நினைத்தாலே மனசு கேட்கவில்லை.

பழைய டெக் (ஞாயிறு, 10.30)

ஊர் பெயரை முதலில் சொல்லியிருந்தால் நானே இதைச் சொல்லியிருப்பேன். தீர்வு எளிது. துபாய், மஸ்கட்டிலிருந்து வந்த மல்டி சிஸ்டம் டெக் யாரிடமாவது இருக்கும், முகப்பிலேயே செகாம் என்று எழுதியிருக்கும். அதில் போடுங்கள்.

லாஸ்பேட்டை வாசி (ஞாயிறு, 10.58)

சார், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நானே அப்படி ஒரு டெக்கைக் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கி ஏமாந்தேன். வளைகுடாவிலிருந்து வந்த டெக்குகள் டேப்பில் எழுதுவது மீசெகாம் என்ற வேறு முறை. பிரான்ஸில் பதிந்த கேசட்டைப் போட்டால் அதிலும் கறுப்பு வெள்ளைதான். பிரான்ஸ் சந்தைக்கென்று செய்த டெக்கே வேண்டும்.

கெடிலக்கரை, என் மாமனார் வீட்டு டெக் அப்படிப்பட்டது. இன்னும் ஓடுகிறது. செவ்வாய் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே கேசட்டோடு லாஸ்பேட்டைக்கு வாருங்கள். தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன். பின்னால் 21 பின் உள்ள பெரிய ஸ்கார்ட் சாக்கெட் இருக்கும், அதிலிருந்து மஞ்சள் பின்னுக்கு மாற்றும் அடாப்டர் என்னிடம் உண்டு. விர்ச்சுவல்டப் என்ற பதிவு மென்பொருளில் வீடியோ முறையைச் செகாம் என்று மாற்ற வேண்டும், பால் முறையிலேயே விட்டால் நல்ல டெக்கில் ஓட்டியும் கறுப்பு வெள்ளைதான் வரும். தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்யூவி முறையில் பதியுங்கள், மணிக்கு 30 ஜிபிக்கு மேல் போகும். ஹார்ட் டிஸ்க்கின் ஃபார்மேட் என்டிஎஃப்எஸ்ஸாக இருக்கட்டும், ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியில் நின்றுவிடும்.

சுருதி (ஞாயிறு, 11.30)

அந்த ஆறு நிமிடத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். டிவிடி என்டிஎஸ்சியா என்று பாருங்கள்.

கெடிலக்கரை (ஞாயிறு, 11.41)

ஆமாம், விஎல்சி பிளேயரில் என்டிஎஸ்சிக்குரிய 720 × 480 என்று காட்டுகிறது.

சுருதி (ஞாயிறு, 12.10)

சினிமா விநாடிக்கு 24 படம். என்டிஎஸ்சி டிவிடியில் சில படங்களைத் திரும்பக் காட்டி அந்த வேகத்தை அப்படியே வைப்பார்கள். பாலிலும் செகாமிலும் 25 ஆக ஓட்டிவிடுவார்கள், அதாவது 4 சதவீதம் வேகம். உங்கள் டிவிடி 175 நிமிடம். 175-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 168. உங்கள் கேசட்டோ 169 நிமிடம். கேசட்டில் எதையும் வெட்டவில்லை, டிவிடியில் இல்லாத ஒரு நிமிடம் அதில் கூடுதலாக இருக்கிறது! அது எங்கே என்று தேடுங்கள்.

ஆர்மோனியம் இருந்தால் வைத்துப் பாருங்கள். டிவிடியில் 1 கட்டைச் சுருதியில் நிற்கும் பாட்டு கேசட்டில் ஒன்றரைக்குக் கொஞ்சம் கீழே கேட்கும்.

பழைய டெக் (ஞாயிறு, 12.40)

சுருதி மாறுவது டெக் மோட்டார் பழசானதால். அதைப் போய் 24, 25 என்று.

சுருதி (ஞாயிறு, 12.52)

மோட்டார் 4 சதவீதம் வேகமாக ஓடினால் படமே நிலையாக நிற்காது சார். டேப்பின் ஓரத்தில் வேகக் குறிகள் பதிந்திருக்கும் கன்ட்ரோல் டிராக்கைப் பார்த்துத்தான் டெக் வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. என் காது 30 வருடமாகப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் காது. பல கேசட்டுகளில் இதே வித்தியாசத்தைக் கேட்டிருக்கிறேன்.

பழைய டெக் (ஞாயிறு, 1.15)

கேசட்டில் படுக்கைவாட்டில் 240 வரிதான் தெளிவு. டிவிடி இருக்கும்போது இந்த மங்கல் கேசட்டைக் கட்டிக்கொண்டு அழுவதில் பொருளில்லை. 100 ஜிபி வீண்.

முதுநகர் (ஞாயிறு, 1.40)

அப்படிச் சொல்லாதீர்கள். என் பழைய கேசட் ஒன்றையும் அதே படத்தின் டிவிடியையும் ஒரே காட்சியில் நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறேன். 64-ல் வந்த படம் கிட்டத்தட்டச் சதுரம். டிவிடிக்காரர்கள் அகலத் திரைக்கென்று மேலேயும் கீழேயும் வெட்டியதில் உயரத்தில் கால் பங்கு போய்விட்டது. கேசட்டில் கதாநாயகியின் உச்சந்தலைப் பூ தெரிகிறது, காலடியில் வைத்த குத்துவிளக்கு தெரிகிறது. டிவிடியில் நெற்றிப் பொட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை. புள்ளியைத் துடைக்கிறேன் என்று முகத்தை மெழுகாக்கி, மூலையில் கம்பெனி முத்திரை வேறு. தெளிவு கூடுதல் என்பது சரி. ஆனால் படம் முழுசாக இல்லையே.

உப்புக்காற்று (ஞாயிறு, 2.05)

பதிப்புரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1957 சட்டப்படி சினிமாவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 64-ல் வந்த படத்துக்கு 2024 முடிவோடு தீர்ந்தது.

பழைய டெக் (ஞாயிறு, 2.20)

படத்துக்குத் தீர்ந்தது, பாட்டுக்கு? எழுதியவரும் இசையமைத்தவரும் இறந்து 60 வருடம் ஆக வேண்டும். இணையத்தில் ஏற்றிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

உப்புக்காற்று (ஞாயிறு, 2.31)

அது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் பத்திரப்படுத்துங்கள், ஏற்றுவதை யோசித்துச் செய்யுங்கள். டிவிடியையும் அப்படியே முழுதாக ஒரே கோப்பாக (ஐஎஸ்ஓ) எடுத்து வையுங்கள், இரண்டும் வேண்டும்.

லாஸ்பேட்டை வாசி (திங்கள், இரவு 9.10)

தம்பி இன்று வந்தார். சாயங்காலம் ஓட்ட ஆரம்பித்தோம். அவரே எழுதுவார்.

கெடிலக்கரை (செவ்வாய், காலை 7.05)

கலர் வந்துவிட்டது. முதல் காட்சியில் மாம்பழ மஞ்சளில் ஒரு புடவை, பார்த்ததும் மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கூடுதல் நிமிடமும் கிடைத்தது, இரண்டாவது பாட்டின் கடைசிச் சரணம். டிவிடியில் அது இல்லவே இல்லை. கேசட் மாமா வீட்டுக்கே போகிறது. இரவல் டெக்கைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

லாஸ்பேட்டை வாசி (செவ்வாய், 7.30)

கோப்பைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தீர்களா? இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சத்தமும் உதடும் ஒத்துப்போகின்றனவா? விலகியிருந்தால் சொல்லுங்கள், டெக் இங்கேயேதான் இருக்கிறது, மறுபடி எடுத்துவிடலாம்.

முதுநகர் (வியாழன், மாலை 6.15)

தம்பி, பதில் வரவில்லையே. படத்தின் பெயரைத் தனிச்செய்தியிலாவது சொல்லுங்கள். அண்ணன் கடைக் கேசட்டுகளில் இன்னும் 40 மிச்சம் இருக்கின்றன. அதே படம் இருந்தால் அந்தச் சரணம் என்னிடமும் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.