குளோன் செய்த இரண்டு விஎம்களுக்கும் ஒரே ஐபி: டிஹெச்சிபி (தானாக ஐபி முகவரி வழங்கும் முறை) கிளையன்ட் பிரச்சினையா?

கேள்வி: உபுண்டு சர்வர் 22.04. ஒரு விஎம்மை (மெய்நிகர் கணினியை) குளோன் செய்தேன். மேக் முகவரிகள் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்கள்) வேறுவேறு, ஆனால் இரண்டுக்கும் 192.168.1.50தான் வருகிறது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் இணைப்பு) அடிக்கடி அறுந்துபோகிறது. ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை.

பதில் 1: ரவுட்டர் மேல் தவறில்லை. உபுண்டு சர்வரில் ஐபி முகவரி கேட்பது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற சேவை. அது தன் அடையாளமாக மேக்கை அனுப்பாது. மெஷின்-ஐடி என்ற கோப்பிலுள்ள கணினி அடையாள எண்ணிலிருந்து உருவாக்கிய டியூஐடி என்ற அடையாளத்தைக் கிளையன்ட் ஐடியாக அனுப்பும். குளோனில் அந்தக் கோப்பும் அப்படியே வந்துவிட்டது. கிளையன்ட் ஐடி வந்தால் டிஹெச்சிபி சர்வர் (இங்கே ரவுட்டர்) அதைத்தான் பார்க்கும், மேக்கை அல்ல.

குளோனில் ஈடிசி அடைவிலுள்ள மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்யுங்கள். கோப்பையே அழித்துவிட வேண்டாம், 0 பைட்டாக இருக்கட்டும். ரீபூட் செய்தால் புது ஐடி உருவாகும். டிபஸ் அடைவிலுள்ள மெஷின்-ஐடி இந்தக் கோப்பைச் சுட்டும் சிம்லிங்க்தானா (இணைப்பு மட்டும்தானா) என்றும் பாருங்கள். தனிக் கோப்பாக இருந்தால் பழைய ஐடி திரும்பி வந்துவிடும்.

பதில் 2: மேலே சொன்னதுதான் சரியான தீர்வு. மேக்கை வைத்து ரவுட்டரில் ஐபி ஒதுக்கியிருந்தால் மட்டும், நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு) கோப்பில் டிஹெச்சிபி4 வரிக்குக் கீழே, அதே இடைவெளியில், டிஹெச்சிபி-ஐடென்டிஃபையர் என்பதற்கு மேக் என்று கொடுங்கள். டேப் வேண்டாம், ஸ்பேஸ்தான். கன்சோலிலிருந்து அப்ளை செய்யுங்கள். ஐபி மாறினால் எஸ்எஸ்ஹெச் போய்விடும்.

சரிபார்க்க: நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை -வி கொடுத்து, டிஹெச்சிபியின் 67, 68 போர்ட்களில் ஓட்டுங்கள். ஆப்ஷன் 61 (கிளையன்ட் ஐடி) வரியில் ஹார்டுவேர்-டைப் 255 என்று இருந்தால் டியூஐடி. ஈதர் என்று இருந்தால் மேக்.

கேட்டவர்: ஐடியைக் காலி செய்து ரீபூட் செய்ததும் 192.168.1.51 வந்துவிட்டது. மிக்க நன்றி. இனி டெம்ப்ளேட்டிலேயே காலி செய்துவிடுகிறேன்.