அகர் தட்டு இறுகவில்லை, எலுமிச்சைச் சாறுதான் காரணமா?

பள்ளி அறிவியல் மன்றத்தில் ரொட்டிப் பூஞ்சை வளர்க்க உருளைக்கிழங்கு அகர் தட்டுகள் தயாரிக்கிறோம். சாற்றைக் கட்டியாக்கச் சேர்க்கும் கடற்பாசித் தூளான அகர் இறுகவே மாட்டேன் என்கிறது. தட்டைச் சாய்த்தால் கூழ்போல நகர்கிறது. பூஞ்சையைத் தடவும் கம்பி வளையம் பட்டதும் கிழிகிறது.

இடம் ராமநாதபுரம். அகர் எடுக்கும் பாசியைக் கடலில் முங்கிப் பறிக்கும் மாவட்டத்திலேயே இந்தக் கதி!

அளவு: ஒரு லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு வேகவைத்த சாறு, 20 கிராம் சர்க்கரை, 15 கிராம் அகர் தூள். பாக்டீரியாவைத் தடுக்க எலுமிச்சைச் சாறும் கலந்து, பிரஷர் குக்கரில் 20 நிமிடம் வைக்கிறோம். சுமார் 50 டிகிரிக்கு ஆறியதும் ஊற்றுகிறோம்.

தூளை 20 கிராமாக உயர்த்தினோம், வேறு கடைப் பொட்டலம் வாங்கினோம், ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் பதில் வாலைவடி நீர் ஊற்றினோம். பலனில்லை. குளிர்பதனப் பெட்டியில் சற்றே கெட்டியாகிறது. வெளியே எடுத்தால் பழையபடி தளர்கிறது. எலுமிச்சை சேர்க்காத தட்டு மட்டும் கல்போல இறுகியது. ஆனால் பூஞ்சை தலைகாட்டும் முன்பே வழவழப்பான வெண்புள்ளிகள் அதை மூடிவிட்டன.

குக்கரிலிருந்து இறக்கிய பிறகுதான் அமிலம் சேர்க்க வேண்டுமென்றால், ஆய்வகக் கருவி எதுவும் இல்லாமல் அதைக் கிருமி நீக்கி, லிட்டருக்கு எவ்வளவு கலப்பது?