கியாரோஸ்குரோவும் டெனிப்ரிசமும்: இரண்டுக்கும் ‘ஒளிநிழல்’ போதுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒளியையும் நிழலையும் படிப்படியாக இழைத்து உருவத்துக்குத் திரட்சி தரும் ஓவிய முறையான கியாரோஸ்குரோ, பெரும்பகுதியை இருளில் ஆழ்த்திச் சிலவற்றை மட்டும் ஒளியில் காட்டும் முறையான டெனிப்ரிசம் ஆகிய இரண்டையும் ‘ஒளிநிழல்’ என்ற ஒரே தமிழ்ச் சொல்லில் அடக்கிவிடலாம் என்று நம் கலைச்சொல் உரையாடலின் இவ்விழையில் முன்வைக்கப்பட்ட கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. கியாரோஸ்குரோவுக்கு அச்சொல் ஓரளவு பொருந்தும். டெனிப்ரிசத்துக்கு அதையே இட்டால், 17ஆம் நூற்றாண்டின் சமய ஓவியங்கள் பார்ப்பவரின் உள்ளத்தை எவ்வழியாகத் தொடுகின்றன என்பதைத் தமிழில் விளக்கவே முடியாமற்போகும்.

ரோம் நகரில் சான் லூயிஜி தெய் பிரான்சேசி ஆலயத்தின் கொந்தாரெல்லி சிற்றாலயத்துக்காக இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1599–1600இல் தீட்டிய ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். சுங்கச்சாவடியில் அமர்ந்திருந்த வரிதண்டுபவரான மத்தேயுவிடம் இயேசு ‘என்னைப் பின்பற்றி வா’ என்று சொல்லும் தருணம் அது. இடப்புறம் ஒரு மேசையைச் சுற்றி ஐவர் இருக்கின்றனர். வலப்புறம் இயேசுவும் பேதுருவும் நிற்கின்றனர். பேதுருவின் உடல் மறைப்பதால் இயேசுவின் முகமும் நீட்டிய கையுமே நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. சுவரில் ஒரு சாளரம் உண்டு. ஆனால் அதன் வழியே ஒளி வரவில்லை. ஒளி வலப்பக்க மேற்புறத்திலிருந்து இயேசுவின் தலைக்கு மேலாகச் சாய்வாக இறங்கி, அந்தக் கை சுட்டும் திசையிலேயே மேசைக்குச் செல்கிறது. ஓவியம் தொங்குவது சிற்றாலயத்தின் இடப்பக்கச் சுவரில் என்பதையும், பலிபீடத்துக்கு மேலுள்ள உண்மையான சாளரம் அதற்கு வலப்புறம் அமைகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆலயத்துக்குள் வரும் பகலொளியே ஓவியத்துக்குள்ளும் நுழைவதுபோல் ஓவியர் திட்டமிட்டிருப்பது புலப்படும்.

இந்த ஓவியத்தின் மேற்பாதியில் சுவரும் சாளரமும் தவிர வேறெதுவும் இல்லை. அங்கே பரவியிருக்கும் கருமையை எந்தப் பொருளின் நிழல் என்று சொல்வது? நிழல் என்றால் அதை வீழ்த்தும் பொருள் ஒன்று இருக்க வேண்டும். இங்கே கருமைதான் முதலில் இருக்கிறது. முகங்களும் கைகளும் அதிலிருந்து ஒளியால் வெளியே எடுக்கப்படுகின்றன. லியனார்டோவின் ‘பாறைகளிடைக் கன்னி’யும் மங்கலான குகைக்குள் நிகழ்வதுதான். ஆயினும் அங்கே கன்னத்தின் வளைவு ஒளியிலிருந்து நிழலுக்குப் படிப்படியாக இழைகிறது. நிழலுக்குள்ளும் பாறையும் செடியும் தம் உருவத்தோடு இருக்கின்றன. அங்கே ஒளியும் நிழலும் சேர்ந்து உருவத்தை வனைகின்றன. கரவாஜ்ஜோவிடமோ, எதை நாம் பார்க்க வேண்டும் என்பதையே ஒளி தீர்மானிக்கிறது. இவ்வேறுபாட்டை மறைக்கும் கலைச்சொல் மாணவருக்கு உதவாது.

எனவே கியாரோஸ்குரோவுக்கு ‘ஒளிநிழல் வனைவு’ என்றும், டெனிப்ரிசத்துக்கு ‘இருட்கள முறை’ என்றும் முன்மொழிகிறேன். ‘வனைதல்’ உருவாக்குதலையும் ஓவியம் எழுதுதலையும் குறித்துவந்த சொல். ‘களம்’ என்பதை நான் விரும்புவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கரவாஜ்ஜோ தம் முதிர்ந்த படைப்புகளில் துணிமீது கரும்பழுப்பு அடிப்பூச்சிட்டு, இருண்ட பகுதிகளில் பல இடங்களில் அப்பூச்சையே வெளித்தெரிய விட்டுவிட்டார். ஆகவே இருள் அங்கே ஓவியத்தின் அடித்தளமாகவே அமைகிறது. அத்துடன், களம் என்பது நிகழ்ச்சி நடக்கும் இடமுமாகும்.

டெனிப்ரிசத்துக்கு அம்மையார் ஒருவர் பரிந்துரைத்த ‘ஒளிவீச்சு முறை’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. கரவாஜ்ஜோவுக்கு ஏறக்குறையப் பொருந்தவும் செய்யும். ஆனால் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் த லா தூரின் ‘தச்சரான புனித யோசேப்பு’ ஓவியத்தில் சிறுவன் இயேசு மெழுகுவத்தியை ஏந்தியிருக்கிறார். சுடரை மறைக்கும் விரல்களுக்குள் ஒளி ஊடுருவி அவை செந்நிறமாகத் தெரிகின்றன. வெளியிலிருந்து வீசும் ஒளிக்கற்றை ஏதும் அங்கில்லை. இருட்களம் மட்டும் இருக்கிறது. இருவரையும் ஒருங்கே தழுவும் சொல்லே நமக்கு வேண்டும்.

கிறித்தவ வழக்கில் இருள் பாவத்தைக் குறிப்பதால் ‘இருள்’ சேர்ந்த சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று ஐயா ஒருவர் எழுப்பிய ஐயம் மதிக்கத்தக்கது. ரோமின் சாந்தா மரியா தெல் போபோலோ ஆலயத்திலுள்ள, கிறித்தவரைத் துன்புறுத்திவந்த பவுல் இயேசுவால் அழைக்கப்படுவதைக் காட்டும் கரவாஜ்ஜோவின் ‘புனித பவுலின் மனமாற்றம்’ இதற்கு விடை தருமென நினைக்கிறேன். பவுல் தரையில் மல்லாந்து, கண்மூடி, இரு கைகளையும் விரித்துக் கிடக்கிறார். ஒளி பேரளவு விழுவது குதிரையின் உடல்மீது. குதிரையைப் பிடித்திருக்கும் முதியவருக்கோ நடப்பது எதுவும் தெரியவில்லை. அங்குள்ள இருளைப் பாவம் என்று மட்டும் படித்தால் ஓவியம் சுருங்கிவிடும். பவுல் தனித்து அழைக்கப்படும் இடமும் அந்த இருளேயாகும்.

உணர்ச்சியைக் குறிக்க இத்தாலியர் வழங்கிய ‘அஃபெத்தி’ என்ற சொல்லுக்கு, நாட்டிய வழக்கில் உணர்ச்சி வெளிப்பாட்டைக் குறிக்கும் ‘பாவம்’, ‘ரசம்’ என்றெல்லாம் பரிந்துரைகள் வந்துள்ளன. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் ‘மெய்ப்பாடு’ என்று குறித்திருக்க, நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. மருட்கை என்னும் வியப்புக்கு அந்நூல் கூறும் நான்கு நிலைக்களன்களில் ஒன்று ஆக்கம், அதாவது ஒன்று மற்றொன்றாக மாறுதல். ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ ஓவியத்தில் மேசையருகே தாடிவைத்த மனிதர் விரலால் சுட்டி ‘யாரை, என்னையா?’ என்று கேட்பதுபோல் நிமிர்கிறார். அவர் தம்மைச் சுட்டுகிறாரா, ஓரத்தில் தலைகுனிந்து காசில் ஆழ்ந்திருக்கும் இளைஞரைச் சுட்டுகிறாரா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. யார் மத்தேயுவாயினும், வரிதண்டுபவர் ஒருவர் திருத்தூதராக மாறும் ஆக்கமே அங்கு நிகழ்கிறது.

நம் கலைச்சொல் பதிவில் ‘ஒளிநிழல் வனைவு’, ‘இருட்கள முறை’, ‘மெய்ப்பாடு’ ஆகிய மூன்றையும் தனித்தனி உள்ளீடுகளாக இட்டு, ‘இருட்கள ஓவியர்’ என்ற பெயரடை வடிவத்தையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘இருட்களம்’ என்பதற்கு மாற்றுச்சொல் தருவோர், அது கரவாஜ்ஜோ, லா தூர் இருவருக்கும் பொருந்துகிறதா என்பதையும் உடன் எழுதினால் முடிவெடுப்பது எளிதாகும்.