இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் உங்களைச் சிரிக்க வைத்தது எது?

நல்லூரான்:
எரிவாயு வரிசை எப்படி இருந்தது என்று இங்குள்ள எவருக்கும் விளக்கத் தேவையில்லை. எங்கள் தெருவில் ஆட்கள் வேப்பமர நிழலில் அமர்ந்திருக்க, அவர்களுக்குப் பதிலாகச் சிலிண்டர்கள் வெயிலில் நின்றன. களவு போகாதிருக்க ஒரே சங்கிலியை எல்லாவற்றின் கைபிடியிலும் கோத்துப் பூட்டியிருந்தோம். மூன்றாம் நாள் லொறி வந்தபோதுதான், திறப்பை வைத்திருந்தவர் பெற்றோல் வரிசையில் நிற்கிறார் என்பது தெரிய வந்தது. தம் இடத்தில் வேறொருவர் நின்றாலொழிய வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால், நான் போய் நின்றேன். அன்று அவருக்கு எரிவாயுவும் கிடைத்தது, பெற்றோலும் கிடைத்தது. எனக்கு இரண்டும் இல்லை.

வெள்ளவத்தை ஆசிரியை:
கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிவைக்கப்பட்ட மார்ச் மாதம் அது. பாடசாலை விட்டு வரும் வழியில் வாங்கிய மீன் ரோல்ஸைச் சுற்றியிருந்த தாளில், என்னுடைய சிவப்பு மையில், என்னுடைய கையெழுத்தில், “விடையை முழுமையாக எழுதவும்” என்று இருந்தது. நூற்றுக்கு 38 புள்ளிகள். அந்த மாணவன் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்த கீழ்ப்பாதியில்தான் கடைக்காரர் எனக்குரிய கணக்கைக் கூட்டிக் காட்டினார்.

பழைய வண்டில்:
ஆசிரியை கூறியதை நெருக்கடியின் அடையாளமாக ஏற்க முடியாது. விடைத்தாளில் வடை சுற்றித் தருவது நான் அரைக்காற்சட்டை அணிந்த காலத்திலேயே இருந்த வழக்கம். என் அனுபவம் சிறியது: 12.5 கிலோ சிலிண்டரை 4,860 ரூபாய் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, என் மனைவி அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார். நல்லூரானுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரிசியை முழுதாக அடுப்பிலேயே வேகவிடக் கூடாது. நன்றாகக் கொதித்துச் சிறிது வெந்ததும் மூடியை இறுக்கி, பானையை அப்படியே வைக்கோல் நிரப்பிய பெட்டியில் இறக்கி, மேலே பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டால், மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். இடையில் திறந்து பார்க்கும் ஆசையை மட்டும் அடக்க வேண்டும். பருப்பையும் கடலையையும் முதல் நாள் இரவே ஊறவைப்பது நல்லது. விறகு எரிப்பவர்கள் தென்னம்பாளையை மழைக்கு முன்பே சேர்த்துக்கொள்ளட்டும்.

நல்லூரான்:
ஐயா, என்னிடம் இல்லாதிருந்தது எரிவாயு, சமையலறிவு அல்ல.

அட்டன் மருமகள்:
தேயிலைக்கு நடுவே வாழ்ந்தும் பால்தேநீர் அருந்த வழியில்லாதிருந்தவர்கள் நாங்கள். 2021 ஒக்டோபரில் 480 ரூபாய்க்கு வந்த 400 கிராம் பால்மா, அடுத்த மார்ச்சில் 790 ரூபாயானது. அந்த மாதம் வீட்டுக்கு வந்த பெரிய மாமாவுக்கு, மரியாதை குறையக்கூடாதென்று, டப்பாவைத் தட்டி எடுத்த கடைசிக் கரண்டியில் பால்தேநீர் கலந்து கொடுத்தேன். அவர் குவளையைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். வாயில் வைக்காமலேயே, “எவ்வளவு கடன் வேண்டும் என்று முதலில் சொல்லிவிடு, தம்பி” என்றார்.

கிளிநொச்சித் தமையன்:
எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் அட்டை வந்த புதிதில் தங்கைக்குச் சம்பந்தம் பேசினோம். யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையின் சம்பளத்தை அப்பா கேட்கவே இல்லை. “மோட்டார் சைக்கிளா, காரா?” என்றுதான் கேட்டார். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். மோட்டார் சைக்கிள் என்றதும் மனக்கணக்குப் போட்டு, “அப்படியென்றால் பிள்ளை கிழமைக்கு ஒருமுறை வந்து போகலாம்” என்று சம்மதித்தார்.

வெள்ளவத்தை ஆசிரியை:
பழைய வண்டில் ஐயாவுக்கு: சுற்றித் தருவது பழைய வழக்கம் என்பதை நானும் அறிவேன். நான் பணத்தைக் கொடுத்த பிறகு, கடைக்காரர் அந்தத் தாளைத் திரும்பக் கேட்டு வாங்கி, எண்ணெயைத் துடைத்து, அடுக்கில் வைத்ததை எழுதாமல் விட்டுவிட்டேன். மறுபக்கம் இன்னும் வெறுமையாக இருந்ததாம்.