1930 உப்பு யாத்திரை: சோறு போட்டுச் சிறை போனவரின் பதிவு எங்கே கிடைக்கும்?

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த தொண்டர்களுக்குச் சோறு போட்டதற்காக எங்கள் கொள்ளுத்தாத்தா சிறை சென்றார் என்பது வீட்டுப் பேச்சு. உணவு தருபவர்களுக்குச் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டியதும், சனங்கள் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டதும் ஊரறிந்த கதை. அவர் பெயருக்குத்தான் சான்று இல்லை.

ஊர் நீடாமங்கலம் பக்கம். தியாகி பென்ஷன் பட்டியலில் தேடினேன், இல்லை. பிடிவாதக்காரர், விண்ணப்பிக்கவே மறுத்துவிட்டாராம். ஓர் ஆவண அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினேன். வழக்கு எண் கேட்கிறார்கள். அது தெரிந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? எத்தனை மாதத் தண்டனை என்பதிலேயே வீட்டில் மூன்றா ஆறா என்று சண்டை.

வழக்கு எண் இல்லாமல், பெயரையும் ஊரையும் மட்டும் வைத்து அந்த ஆண்டின் தஞ்சை ஜில்லா தண்டனைப் பதிவேட்டை எங்கே பார்க்கலாம்?