கண்ணாடி பாட்டில் ஊறுகாயை கூரியரில் அனுப்ப எந்தப் பெட்டி, எந்த டேப்?

மாவடு_திருச்சி:
எல்லாருக்கும் வணக்கம். 300 கிராம் ஊறுகாய், கண்ணாடி பாட்டில், திருகு மெட்டல் மூடி. நிரப்பினா ஒரு பாட்டிலோட எடை அரை கிலோ. விட்டம் 7.5 செ.மீ., உயரம் 11 செ.மீ. பெரும்பாலும் ரெண்டு பாட்டில் ஆர்டர்தான். அரை கிலோ முறுக்கு தனிப் பார்சலா போகுது. இப்போ கடையில ரெடியா கிடைக்கிற 12×10×8 இன்ச் 3 ப்ளை (மூணு அடுக்கு அட்டை) பெட்டி, சுத்தி நியூஸ் பேப்பர். உடையறதும் கசியறதும் நிக்கல. கூரியர் பில்லும் எகிறுது. 5 ப்ளைக்கு மாறட்டுமா? ‘ஃப்ராஜைல்’ டேப் ஒட்டினா பலன் உண்டா? மாசம் 300 பார்சல்.

பார்சல்_கணக்கு:
மேடம், முதல்ல பில்லைப் பார்ப்போம். நீளம் × அகலம் × உயரம் செ.மீ.-ல பெருக்கி 5000-ஆல வகுத்தா வர்ற கிலோ, தராசுல காட்டுற கிலோ, ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் காசு. (சர்ஃபேஸ்ல, அதாவது தரைவழியில, சில கூரியர் வேற எண்ணால வகுக்கும், உங்க ரேட் கார்டுல பாருங்க.) உங்க பெட்டி 30.5 × 25.4 × 20.3. வகுத்தா 3.15 கிலோ. அரை கிலோ ஸ்லாப்னா (அடுத்த அரை கிலோவுக்கு ஏத்திக் காசு வாங்குறது) 3.5 கிலோவுக்குப் பணம் கட்டுறீங்க. உள்ள இருக்கிற சரக்கு ஒரு கிலோ! மிச்சம் காத்துக்கும் பேப்பருக்கும் போகுது.

ரெண்டு பாட்டிலை நிக்க வெச்சு, நடுவுல 2 செ.மீ., நாலு பக்கமும் மேலயும் கீழயும் 2 செ.மீ. இடம் விட்டா உள்ளளவு 21 × 11.5 × 15. வெளியளவு சுமார் 22 × 13 × 17. வகுத்தா 0.97 கிலோ. பெட்டியோட நிஜ எடை 1.2 கிலோவை ஒட்டி வரும். ஆக 1.5 ஸ்லாப்ல முடிஞ்சுது.

முறுக்குல இன்னும் கவனம் வேணும். 25 × 20 × 15 பெட்டி சரியா 1.5 கிலோ. ரொம்ப அடைச்சு மூடி ஒரு செ.மீ. உப்பிட்டா உயரம் 16, கணக்கு 1.6, ஸ்லாப் 2 கிலோ. கூரியர் மெஷின் உப்பலைத்தான் அளக்கும், நீங்க வாங்கின பெட்டியோட அளவை இல்ல. அனுப்புறதுக்கு முன்னாடி டேப் வெச்சு அளந்த போட்டோவும் தராசு போட்டோவும் எடுத்து வையுங்க. எடைத் தகராறு வந்தா அதுதான் ஆதாரம்.

சிவகாசி_அட்டை:
ப்ளையை மட்டும் கேட்டுட்டு பெட்டி வாங்குறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. பேப்பரோட ஜிஎஸ்எம்மும் (ஒரு சதுர மீட்டர் தாளோட கிராம் எடை) பிஎஃப்பும் (பர்ஸ்ட் ஃபாக்டர், கிழியாம தாங்குற அளவு) கேளுங்க. ரெண்டையும் பெருக்கி 1000-ஆல வகுத்தா அந்த ஒரு தாளோட பர்ஸ்டிங் பலம். தட்டைத் தாளுக்கு முழுசா, நெளி தாளுக்குப் பாதியா சேர்த்துக்கணும்.

150 ஜிஎஸ்எம், 22 பிஎஃப் தட்டைத் தாள் ரெண்டு, நடுவுல 120 ஜிஎஸ்எம், 18 பிஎஃப் நெளி: 3.3 + 3.3 + 1.08 = 7.68. இது 3 ப்ளை. எல்லாத் தாளும் 100 ஜிஎஸ்எம், 16 பிஎஃப் போட்ட மலிவு 5 ப்ளை: தட்டை மூணுக்கு 4.8, நெளி ரெண்டுக்கு 1.6, மொத்தம் 6.4. குத்தினா கிழியறதுல நல்ல 3 ப்ளை ஜெயிக்குது. ஆனா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா அமுங்காம தாங்கறது அட்டையோட தடிமனைப் பொறுத்தது. அதனால கடைக்குப் போற 12 பாட்டில் கார்ட்டனுக்கு 5 ப்ளைதான். ரெண்டு பாட்டில் பெட்டிக்கு நேரோ ஃப்ளூட் (நெளிவு சின்னதா நெருக்கமா இருக்கிறது) 3 ப்ளை போதும்.

அளவு சொல்லும்போது ‘உள்ளளவு’ன்னு எழுதிக் கொடுங்க. இல்லேன்னா வெளியளவுக்கு வெட்டிடுவாங்க, பாட்டில் உள்ள நுழையாது. பிரிண்ட் வேணும்னா ஒரே கலர் போதும், ஸ்டீரியோ (பிரிண்ட் போடுற அச்சு) செலவு ஒரு தடவைதான். வந்த பெட்டியைத் தரையில அடுக்காதீங்க, பலகை மேல வையுங்க. மழைக்காலத்துல ஈரம் குடிச்ச அட்டைல பலமும் போயிடும், டேப்பும் ஒட்டாது.

மூடி_சீல்:
கசிவுக்கும் பெட்டிக்கும் சம்பந்தமே இல்ல. சூடா நிரப்பினாத்தான் அந்த மெட்டல் மூடிக்குள்ள வேக்குவம் (வெற்றிடம்) பிடிக்கும். ஊறுகாயை ஆறவெச்சு நிரப்புறீங்க, அதனால மூடி வெறும் திருகுப் பிடியிலதான் நிக்குது. பார்சல் படுத்த வாக்குல போனா எண்ணெய் மெல்ல ஏறி வந்துடும். வாயில ஒரு சொட்டு எண்ணெய், ஒரு கடுகு ஒட்டியிருந்தாலே போதும், வழி கிடைச்சிடும். ஈரமில்லாத துணியால வாயைத் துடைச்சு அப்புறம் மூடுங்க.

இண்டக்‌ஷன் சீல் (மூடிக்குள்ள இருக்கிற ஃபாயிலை மின்காந்தத்தால சூடாக்கி ஜார் வாயில ஒட்டுறது) வாங்கலாம்னு யாராவது சொல்வாங்க. மெட்டல் மூடியோட அது வேலை செய்யாது, ஃபாயிலுக்குப் பதிலா மூடியே சூடாகும். கண்ணாடி வாயிலயும் சாதாரண வாட் (மூடிக்குள்ள வைக்கிற அந்த ஃபாயில் வட்டம்) ஒட்டாது. வெளியூர் ஆர்டரை மட்டும் பெட் (PET பிளாஸ்டிக்) ஜார், பிளாஸ்டிக் மூடி, ஃபாயில் வாடுக்கு மாத்திட்டா உடைசலும் கசிவும் சேர்ந்து தீரும், எடையும் குறையும். சூடா மட்டும் ஊத்தாதீங்க, ஜார் சுருங்கிடும். மூடி மேல ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டுல சுருங்கி இறுகுற பிளாஸ்டிக் உறை) போடுறது யாரும் திறக்கலைன்னு காட்டத்தான், கசிவைத் தடுக்காது.

கண்ணாடிதான் வேணும்னா ஒவ்வொரு பாட்டிலையும் தனி ஜிப் கவர்ல போடுங்க. பெட்டி மேல எண்ணெய்க் கறை தெரிஞ்சா வழியிலேயே ஒதுக்கி வெச்சிடுவாங்க. சோதனை: பத்து பாட்டிலை டிஷ்யூ பேப்பர் மேல ஒரு நாள் முழுக்கப் படுக்க வையுங்க.

பார்சல்_கணக்கு:
விட்டுப்போனது மூணு. ‘ஃப்ராஜைல்’ டேப்பை கன்வேயர் பெல்ட் படிக்காது. அந்தக் காசுக்கு 48 மி.மீ. அகல நல்ல பிஓபிபி (பிளாஸ்டிக் பேக்கிங்) டேப் வாங்கி, மேலயும் கீழயும் நடு இணைப்பு, ரெண்டு ஓரம்னு ‘எச்’ வடிவத்துல ஒட்டுங்க. தெர்மல் லேபிளோட பார்கோடு மேல டேப் ஒட்டாதீங்க, கொஞ்ச நாள்ல எழுத்து மங்கும், ஸ்கேனரும் திணறும். முகவரிச் சீட்டு ஒண்ணு உள்ளயும் போடுங்க.

மாவடு_திருச்சி:
ரொம்ப நன்றி. பபிள் ராப் எத்தனை சுத்து? நியூஸ் பேப்பரை விட்டுடலாமா?

சிவகாசி_அட்டை:
10 மி.மீ. குமிழ், குமிழ்ப் பக்கம் பாட்டிலைத் தொடுற மாதிரி ரெண்டு சுத்து, அடியிலயும் மூடி மேலயும் மடிச்சு விடுங்க. ரெண்டு பாட்டிலுக்கு நடுவுல அட்டைத் தடுப்பு கட்டாயம். கண்ணாடி கண்ணாடியில இடிச்சுதான் பாதி உடையுது. நியூஸ் பேப்பர் குலுங்கக் குலுங்க அமுங்கி இடம் விட்டுடும், அதான் உங்க பெரிய பெட்டியில நடந்தது. பெட்டியை மூடிக் காதுகிட்ட ஆட்டிப் பாருங்க, சத்தம் வரக்கூடாது.

மொத்தமா ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி மாதிரிப் பெட்டி கேட்டு வாங்கி, 76 செ.மீ. உயரத்துலேர்ந்து ஒரு மூலை, மூணு விளிம்பு, ஆறு பக்கம்னு பத்துத் தடவை போடுங்க. முதல்ல பாட்டில்ல தண்ணி ஊத்திப் போட்டுப் பாருங்க, ஊறுகாயை வீணாக்க வேண்டாம்.