கானாடுகாத்தான் வீடு (குழு)

வள்ளி: அப்பச்சி சாந்திக் கல்யாணத்துக்கு இன்னும் 19 நாள்தான். சமையல்காரர் கணக்கு கேட்கிறார். காலைக் காப்பி 150 பேருக்கு என்று சொல்லியிருக்கிறேன். பொடி நாம் வாங்கித் தர வேண்டுமாம்.

சொக்கு சித்தப்பா: கிலோவுக்கு 80 காப்பி. 2 கிலோ போதும்.

மெய்யம்மை அயித்தை: இரண்டாவது டம்ளர் கேட்கிறவர்களை யார் கணக்கில் வைப்பது? 3 கிலோ.

அழகு பள்ளத்தூர்: பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

பழனி பெங்களூரு: பொடி வேண்டாம், கொட்டையாக வாங்குவோம். நான் கிரைண்டர் கொண்டுவருகிறேன். அன்று காலையில் அரைத்து அன்றே டிக்காஷன் இறக்கலாம். அரைத்து வைத்த பொடியில் வாசனை நிற்காது.

மீனா சிங்கப்பூர்: எந்த கிரைண்டர்?

வள்ளி: மீனா, கேட்டுவிட்டாயே

பழனி பெங்களூரு: வீட்டில் இரண்டு இருக்கிறது. பல் என்றால் உள்ளே கொட்டையை அரைக்கிற பாகம். நீஷ் ஜீரோ, 63 மி.மீ. கூம்புப் பல். டிஎஃப்64, 64 மி.மீ. தட்டைப் பல்.
இரண்டாங்கட்டில் திருகை கிடக்கிறதே, அதுதான் தட்டைப் பல். எதிரெதிராக இரண்டு வட்டம். நடுவில் விழுகிற கொட்டை சுற்றுகிற வேகத்தில் ஓரத்துக்கு வந்து பொடியாகக் கொட்டும். கூம்புப் பல் ஆட்டுக்கல் மாதிரி, குழிக்குள் குழவி. கொட்டை தன் எடையிலேயே கீழே இறங்கிக்கொண்டு அரைபடும்.
தட்டைப் பல்லில் பொடி பெரும்பாலும் ஒரே அளவாக வரும். அதில் எஸ்பிரெசோ இறக்கிப் பால் இல்லாமல் குடித்தால் புளிப்பு, இனிப்பு, பழவாசனை எல்லாம் பிரித்துத் தெரியும். கூம்பில் அந்த அளவோடு மாவு மாதிரி நுண்தூளும் கூடுதலாக விழும். காப்பிக்குக் கனம் கொடுப்பது அந்தத் தூள்தான். சுவைகள் கலந்து, திக்காக, நாக்கில் நிற்கும். பல்லின் வடிவத்தைப் பொறுத்து இது கூடும் குறையும், ஆனால் பொதுவாக இப்படித்தான்.

சொக்கு சித்தப்பா: படித்தேன்

மெய்யம்மை அயித்தை: அந்தத் திருகையில் உளுந்து உடைத்தே பத்து வருஷம் இருக்கும்.

ராமு அயித்தான்: பல்லவன் ரயிலில் யாருக்காவது டிக்கெட் கிடைத்ததா? எனக்குக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

சொக்கு சித்தப்பா: திருகையாவது இருக்கிறது. காப்பி மெஷின்தான் இல்லை.

மீனா சிங்கப்பூர்: அப்பா, வேண்டாம்

மெய்யம்மை அயித்தை: ஏன் வேண்டாம்? ஆத்தா வைத்திருந்த மெஷின். பலகையில் திருகி மாட்டிக் கையால் சுற்றுவோம். விடிகாலை 4 மணிக்கு அந்தச் சத்தத்தில்தான் வளவே எழுந்திருக்கும். பங்கு பிரித்த வருஷம் காணாமல் போனது.

அழகு பள்ளத்தூர்: அயித்தை, நான் விற்கவில்லை. முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைக்குப் போனது மங்குச் சாமான் மட்டும்தான். அதுவும் எல்லோரிடமும் கேட்டுத்தான்.

மெய்யம்மை அயித்தை: என்னிடம் கேட்கவில்லை.

வள்ளி: காப்பிக்கு வருவோம்

பழனி பெங்களூரு: அந்த மெஷினுக்குள்ளும் கூம்புதான் அயித்தை. சின்ன வயதில் அப்பத்தா அதைக் கழற்றித் துடைக்கும்போது பார்த்திருக்கிறேன், வரி வரியாக இரும்பு. அப்பத்தா காப்பி அவ்வளவு கனமாக இருந்ததற்குச் சிக்கரி மட்டும் காரணம் இல்லை.

மெய்யம்மை அயித்தை: சிக்கரியா? ஆத்தா சிக்கரியைத் தொட்டதே இல்லை.

சொக்கு சித்தப்பா: சேர்த்தார்கள். நான்தான் கடைக்குப் போவேன்.

மெய்யம்மை அயித்தை: அது வேலையாட்களுக்குப் போடுகிற காப்பிக்கு.

சொக்கு சித்தப்பா: ஒரே டப்பாதான் இருந்தது.

பழனி பெங்களூரு: சட்டப்படியே 49 சதவீதம் வரை சேர்க்கலாம், பொட்டலத்தில் எழுதியிருக்கும். கொட்டையாக வாங்கினால் எவ்வளவு என்பது நம் கையில். இல்லாமலும் போடலாம் அயித்தை.

மீனா சிங்கப்பூர்: மிக்ஸியில் அரைத்தால் என்ன?

பழனி பெங்களூரு: மிக்ஸி அரைக்காது மீனா, வெட்டும். பாதி மாவு, பாதி குறுநொய். மாவிலிருந்து அளவுக்கு மேல் சாரம் இறங்கிக் கசக்கும். நொய்யிலிருந்து போதுமான சாரம் இறங்காமல் புளிக்கும். இரண்டும் ஒரே டம்ளரில். பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் தட்டைக்கும் கூம்புக்கும் வித்தியாசம் குறைந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். மிக்ஸியில் அரைத்தது எத்தனை பால் ஊற்றினாலும் தெரியும்.

ராமு அயித்தான்: எஸ்பிரெசோ மெஷினும் வருகிறதா பழனி?

பழனி பெங்களூரு: இல்லை அயித்தான். 18 கிராம் பொடி போட்டு 36 கிராம் காப்பி எடுக்க 25 முதல் 30 வினாடி. அரைத்து, அழுத்தி, துடைத்து, பால் காய்ச்சி எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு 2 நிமிடம். 150 பேருக்கு 5 மணி நேரம். முகூர்த்தம் முடிந்துவிடும். சமையல்காரரின் பெரிய பில்டரே போதும். பொடியின் பதம்தான் வேறு. எஸ்பிரெசோவில் 9 பார் அழுத்தம் தண்ணீரைத் தள்ளும், அதனால் நைசாக அரைக்கிறோம். பில்டரில் தண்ணீர் தானாகவே இறங்க வேண்டும். அதே நைசில் போட்டால் அடைத்துக்கொள்ளும். கொரகொரப்பாகப் போட்டால் தண்ணீர் ஓடிவிடும், டிக்காஷனில் சாரம் இருக்காது. கனம் வேண்டும் என்பதால் கூம்பையே கொண்டுவருகிறேன்.

சொக்கு சித்தப்பா: ஒரு தடவைக்கு எவ்வளவு கொட்டை போடலாம்?

பழனி பெங்களூரு: 50 கிராம்

சொக்கு சித்தப்பா: 3 கிலோவுக்கு 60 தடவை.

பழனி பெங்களூரு: முதல் நாள் இரவே ஆரம்பித்தால்

வள்ளி: முதல் நாள் இரவு உனக்கு வேறு வேலை இருக்கிறது

அழகு பள்ளத்தூர்: கொட்டையைக் காரைக்குடிக் கடையில் கொடுத்து முதல் நாள் சாயங்காலம் அரைத்து வாங்கி வருகிறேன். கண் முன்னாலேயே அரைப்பார்கள்.

பழனி பெங்களூரு: சரி அண்ணே. கடை மெஷினும் தட்டைப் பல்தான், அரைப்பு சீராக இருக்கும். முன்னால் வேறு பொடி ஏதாவது அரைத்திருந்தால் முதல் 100 கிராமைத் தனியாக எடுத்துவிடச் சொல்லுங்கள். பில்டர் பதம் என்று சொல்ல மறக்க வேண்டாம். முகப்பில் உட்காரும் பெரியவர்களுக்கு மட்டும் நான் காலையில் அரைத்துப் போடுகிறேன்.

ராமு அயித்தான்: நான் பெரியவர்கள் கணக்கில் உண்டா?

வள்ளி: நீங்கள் முதலில் டிக்கெட்டைப் பாருங்கள்

சொக்கு சித்தப்பா: ஒரு விஷயம். மேல்மாடி அறையில் கோணியில் கட்டிய இரும்புச் சாமான் ஒன்று கிடப்பதாக ஓடு மாற்ற வந்தவர்கள் சொன்னார்கள். கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கிறதாம். ஜன்னல் வழியாகப் பார்த்தது.

மீனா சிங்கப்பூர்: ????

அழகு பள்ளத்தூர்: சாவி யாரிடம்?

பழனி பெங்களூரு: யாராவது திறந்து படம் எடுத்து அனுப்புங்கள். பல் துருப்பிடித்திருந்தால் தண்ணீரில் கழுவ வேண்டாம், பிரஷ் போதும். தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, நான் பார்க்கிறேன்.

அழகு பள்ளத்தூர்: சாவி யாரிடம்?

மெய்யம்மை அயித்தை: என்னிடம்தான். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை.

அழகு பள்ளத்தூர்: ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டை வருகிறேன் அயித்தை.

மெய்யம்மை அயித்தை: சாப்பிடுகிற மாதிரி வா.

வள்ளி: 2 கிலோவா 3 கிலோவா? சமையல்காரர் மறுபடியும் போன் செய்துவிட்டார்.

பழனி பெங்களூரு: எந்த ரகக் கொட்டை, பீபெரியா, பிளாண்டேஷன் ஏ-யா?